ஆலங்குடா வீடுகளுக்கு வைஃபை, வயர், டவர்: கைகொடுக்கும் குறிப்புகள்

ஆலங்குடாவுக்கு மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு. நடுவே தென்னந்தோட்டங்கள், சீமெந்துக் கல் வீடுகள், கரையோரக் கபானாக்கள். டொல்பின் பார்க்க வருபவர்களும் காற்றுக் காலத்தில் கைற் சேர்ஃபிங் செய்ய வருபவர்களும் அறைச் சாவியோடு சேர்த்து வைஃபை பாஸ்வேர்டையும் கேட்கிறார்கள். வீடுகளிலோ பிள்ளைகளின் ஸூம் வகுப்பு, கட்டாரில் அல்லது சவூதியில் இருக்கும் மகனின் வீடியோ அழைப்பு. இணைப்பு இழுபட்டால் கம்பனியைக் குறை சொல்கிறோம், இல்லாவிட்டால் இன்னும் பெரிய பெக்கேஜ் போடுகிறோம். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. அதைக் காசு செலவில்லாமலே திருத்தலாம். இந்தக் கரைக்குப் பொருந்தும் குறிப்புகளை மட்டும் தருகிறேன்.

1. வீட்டு வலையமைப்பு வேறு, இணையம் வேறு. வீட்டிலுள்ள போன், டிவி, கணினி, பிரிண்டர் எல்லாம் ரவுட்டரோடு சேர்ந்து ஒரு சின்ன வலையமைப்பாகின்றன. இதுதான் லான். ஊர், நாடு, கண்டம் தாண்டி ஓடும் பெரிய வலையமைப்பு வான். நம்மூர்க்காரருக்கு இப்படிச் சொன்னால் உடனே விளங்கும்: லான் என்பது களப்பு, வான் என்பது கடல், இரண்டும் சந்திக்கும் வாய்தான் ரவுட்டர். போனில் தெரியும் வைஃபைக் கோடுகள் போனுக்கும் ரவுட்டருக்கும் இடையிலான தொடர்பை மட்டுமே காட்டுகின்றன. வெளியே லைன் அறுந்து கிடந்தாலும் கோடுகள் முழுதாகவே இருக்கும்.

ஒருநாள் ஒரு ராத்தா போன் எடுத்தார். "ஃபுல் கோடு காட்டுது தம்பி, ஆனா வாட்ஸ்அப் படம்கூட இறங்குதில்ல." "பெட்டியில சிவப்பு லைட் ஏதும் எரியுதா ராத்தா?" "ஓ, ஒண்டு மின்னி மின்னி எரியுது." அந்த ஒரு பதிலே போதுமாக இருந்தது. பெரும்பாலான ஃபைபர் பெட்டிகளில் 'பொன்' என்ற பச்சை விளக்கு அசையாமல் எரிய வேண்டும். 'லொஸ்' என்ற விளக்கு அணைந்திருக்க வேண்டும். லொஸ் சிவப்பாக மின்னினால் வெளியிலிருந்து வரும் ஒளி பெட்டிக்கு எட்டவில்லை. அப்போது ரவுட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. முதலில் ஃபைபர் வயர் பெட்டியிலிருந்து கழன்றிருக்கிறதா, கூர்மையாக மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கம்பனிக்கு அறிவியுங்கள்.

2. விளக்குகள் சரியாக இருந்தும் ஒன்றும் ஓடவில்லையா? போனின் பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்துப் பாருங்கள். பல 4ஜி ரவுட்டர்களில் இது 192.168.8.1 ஆக இருக்கும். சரியான எண் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். ரவுட்டரின் பக்கம் திறந்தால் வீட்டு வலையமைப்பு நலம், கோளாறு அதற்கு அப்பால். திறக்காவிட்டால் கோளாறு உங்கள் கூரைக்குக் கீழேதான்.

3. ரவுட்டரை வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேலே வையுங்கள். லைன் வந்து நுழையும் முன்சுவர் மூலையிலேயே அதை விட்டுவிட்டால் பாதி அலை முற்றத்துக்கும் வேலிக்கும் போகும். டிவி அலுமாரிக்குள், ஃபிரிட்ஜுக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கியை ஒட்டி, பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உலோகம் அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் உறிஞ்சிவிடும். மழையில் நனைந்த தென்னோலையும் அப்படித்தான். வீட்டிலிருந்து தோட்டத்து அறைக்கு அனுப்பும் வைஃபை மழை நாளில் பலவீனமாவதற்கு இது ஒரு காரணம்.

4. ரவுட்டரில் இரண்டு வைஃபைப் பெயர்கள் தெரிந்தால் ஒன்று 2.4 கிகாஹேட்ஸ், மற்றது 5 கிகாஹேட்ஸ். முதலாவது மெதுவானது, ஆனால் கல் சுவரைத் தாண்டித் தூரம் போகும். இரண்டாவது வேகமானது, சுவர் வந்தால் சோர்ந்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையில் 5, பின்னறைக்கும் குசினிக்கும் 2.4. மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது 2.4 தடுமாறும், அடுப்பு நின்றதும் சரியாகிவிடும்.

5. நெருக்கமான குடியிருப்புகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் நமது கற்பிட்டிக் குடாநாட்டில் குடியேறிய இடங்களில் வீடுகள் சுவரோடு சுவராக இருக்கின்றன. இன்று அந்த வீடுகள் பலவற்றில் ரவுட்டர் இருக்கிறது. 2.4 கிகாஹேட்ஸில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் மூன்றே மூன்று: 1, 6, 11. அக்கம்பக்கத்தார் எல்லாரும் 6இல் இருந்தால் எல்லாருக்கும் இணைப்பு மெதுவாகும். போனில் வைஃபை அனலைசர் போன்ற ஒரு செயலியைப் போட்டுப் பார்த்து, கூட்டம் குறைந்த எண்ணை ரவுட்டரில் தேர்ந்தெடுங்கள். மூன்று வீட்டார் பேசி ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஒரே அலைவரிசையில் இருக்கும் கருவிகள் முறை வைத்துத்தான் பேசும். இரண்டு ஒரே நேரத்தில் பேசி மோதிவிட்டால், ஆளுக்கொரு அளவு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பும். இந்த வழியின் மூலம் இன்னொரு கடற்கரையில் இருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் சிதறிக் கிடந்த பல்கலைக்கழகக் கணினிகளை வானொலி அலையால் இணைக்க நோர்மன் அப்ரம்சன் குழுவினர் 1971இல் இயக்கிய அலோஹாநெட்தான் அது. வீடுகளிலும் அலுவலகங்களிலும் இன்றுள்ள ஈதர்நெட் வயர்முறை 1973இல் அதிலிருந்துதான் தூண்டுதல் பெற்றது. முறை வைத்துப் பேசுவதால் ஒரு விளைவு உண்டு: தூரத்து அறையில் பலவீனமான சிக்னலில் தவழும் பழைய போன் ஒன்று, தன் முறை வரும்போது நீண்ட நேரம் எடுத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் காக்க வைக்கும். அதைப் பயன்படுத்தாத நேரத்தில் வைஃபையிலிருந்து துண்டித்துவிடுங்கள்.

6. அசையாத கருவிக்கு வயர் போடுங்கள். டிவி, மேசைக் கணினி, கமராவின் பதிவுப் பெட்டி ஆகியவை இடம் மாறப் போவதில்லை. அவற்றுக்கு லான் கேபிள் இழுத்தால் வைஃபை முழுவதும் போன்களுக்கு மிஞ்சும். கெட்-6 கேபிள் கேளுங்கள். முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று கடையில் விசாரியுங்கள். பின்னது விலை குறைவு, ஆனால் இந்த உப்புக் காற்றில் சீக்கிரம் உளுத்துவிடும். ஒரு கேபிள் ஓட்டத்தின் எல்லை 100 மீற்றர். முற்றத்தில் ஓடுவதானால் வெயில் தாங்கும் கறுப்பு உறையுள்ள வெளிப்புறக் கேபிள் தேவை. வீட்டுக்குள் போடும் சாம்பல் கேபிள் வெயிலில் வெடித்துவிடும்.

7. உப்புக்காற்று. இந்தக் கரையில் ரவுட்டருக்கும் கேபிளுக்கும் பெரிய எதிரி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடலை நோக்கிய ஒரு கபானாவில் கூரைக்குக் கீழே மாட்டியிருந்த வைஃபைப் பெட்டி விட்டு விட்டு வேலை செய்தது. கேபிளின் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். எட்டு ஊசிகளில் இரண்டின் மேல் பச்சைப் பூஞ்சணம் போலப் படிந்திருந்தது. தங்கப் பூச்சு தேய்ந்த இடத்தில் செம்பு உப்போடு சேர்ந்து அரித்திருக்கிறது. விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. பிளக்கை வெட்டி எறிந்து புதிதாக அடித்ததும் வேலை செய்தது. அங்கே அதே கேபிளில் மின்சாரமும் போய்க்கொண்டிருந்தது. அப்படி மின்சாரம் ஓடும் பிளக்கில் ஈரம் பட்டால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும்.

சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை அலைத்துளி காற்றோடு கரைக்கு ஏறி வரும். ஆகவே வெளிப்பெட்டியைக் கடல் பார்க்காத சுவரில் மாட்டுங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழைவதற்கு முன் கீழே ஒரு வளைவாகத் தொங்க விடுங்கள். மழைத்துளி அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. மூட்டுகளைத் தன்னோடு தான் ஒட்டும் ரப்பர் டேப்பால் இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும். காலியாக இருக்கும் துளைகளுக்கு மூடி போடுங்கள். ஆணி, பட்டி எல்லாம் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சோளகம் ஓய்ந்ததும் எல்லாப் பிளக்குகளையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். மங்கியவற்றைக் கொன்டாக்ட் கிளீனரால் துடையுங்கள், பச்சை பிடித்தவற்றை வெட்டிவிடுங்கள். டொல்பின் பருவம் நவம்பரில் தொடங்குவதற்கு முன் இந்த வேலை முடிந்திருந்தால் நல்லது.

8. கபானா, கெஸ்ட் ஹவுஸ் நடத்துபவர்களுக்கு: ஒரு ரிப்பீட்டரின் வாலில் இன்னொன்று, அதன் வாலில் மற்றொன்று என்று தொடுத்துக்கொண்டு போகாதீர்கள். சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்வதால், ஒவ்வொரு கட்டத்திலும் வேகம் பாதியளவு குறையும். நடுவில் ஒன்று செத்தால் அதற்கப்பால் இருப்பவை எல்லாம் போய்விடும். அலுவலக அறையில் ஒரு சுவிட்ச் வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு கபானாவுக்கும் தனித்தனி ஃபைபர் வயர் இழுங்கள். பாடப்புத்தகத்தில் பிள்ளைகள் விண்மீன் வடிவ இடவியல் என்று படிப்பது இதைத்தான். ஒரு வயர் அறுந்தால் ஒரு கபானாவுக்கு மட்டுமே பாதிப்பு. ஆனால் சுவிட்ச் போனால் மொத்தமும் போகும் என்பதால் ஒரு மாற்றுச் சுவிட்சைப் பெட்டியோடு வைத்திருங்கள். வயர் இழுக்கவே முடியாத தென்னந்தோட்டமானால், ஒன்றோடொன்று வைஃபையாலேயே இணைந்துகொள்ளும் மெஷ் கருவிகள் வாங்கலாம். அவற்றிலும் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி அலைப்பட்டை உள்ள 'ட்ரை பாண்ட்' ரகமே சிறந்தது.

9. அலுமாரியில் கிடக்கும் பழைய ரவுட்டரைப் பின்னறைக்குப் பயன்படுத்தலாம். முதலில் அதைத் தனியாகக் கணினியில் செருகி, முன்னறை ரவுட்டரின் எண் 192.168.1.1 என்றால், அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். டிஎச்சிபி என்பதை அணையுங்கள். வைஃபைப் பெயரையும் பாஸ்வேர்டையும் முன்னறை ரவுட்டரில் உள்ளபடியே போடுங்கள். அலைவரிசை எண் மட்டும் வேறாக இருக்கட்டும். பிறகு முன்னறை ரவுட்டரின் லான் துளையிலிருந்து ஒரு கேபிளைப் பழையதன் லான் துளைக்கே கொடுங்கள். வான் துளைக்கு வேண்டாம்.

டிஎச்சிபியை ஏன் அணைக்கிறோம்? வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுப்பது அதன் வேலை. அந்த வேலையை ஒருவர்தான் செய்ய வேண்டும். இருவர் கொடுத்தால் ஒரே முகவரி இரண்டு போன்களுக்குப் போய்விடும், சில கருவிகள் இணையம் இல்லாத ரவுட்டரை நோக்கித் திரும்பிவிடும். 'சில நேரம் வேலை செய்யுது, சில நேரம் இல்லை' என்ற புகாருக்கு இதுவே காரணமாக இருந்ததை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

10. ஃபைபர் வராத ஒழுங்கைகளில் 4ஜி ரவுட்டர்தான் வழி. இதற்கு மூன்றாம் குறிப்பு பொருந்தாது. வீட்டின் நடுவில் அல்ல, டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலருகே வையுங்கள். பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் பக்கத்தில், சிக்னலின் பலத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்று ஒரு எண் இருக்கும். மைனஸ் 80க்கு அருகில் இருந்தால் மிக நல்லது, மைனஸ் 100 பரவாயில்லை, மைனஸ் 110க்குக் கீழே போனால் அந்த இடம் சரிவராது. ரவுட்டரை ஒவ்வொரு ஜன்னலாகக் கொண்டு போய் இந்த எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் மோசம் என்றால் மட்டுமே கூரைக்கு மேல் அன்டெனா வாங்குங்கள். அன்டெனாவைத் தென்னை உச்சிகளுக்கு இடையே டவரை நேராகப் பார்க்கும்படி நிறுத்துங்கள். காற்றில் ஓலை குறுக்கே ஆடினால் சிக்னலும் ஆடும்.

11. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. சில விடுதிக்காரர்கள் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். அதன் அன்டெனாத் தட்டுக்கு மேலே திறந்த வானம் வேண்டும். தென்னை மறைத்தால் இணைப்பு நொடிக்கணக்கில் விட்டு விட்டுப் போகும். சாதாரண ரவுட்டரைவிடப் பல மடங்கு மின்சாரம் எடுக்கும். கரையோரத் திறந்தவெளிக்குச் சரிவரலாம். தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டுக்கு ஃபைபர் கிடைக்குமானால் அதுவே என் தேர்வு.

12. மின்தடைக்கு மினி யூபிஎஸ். பக்கத்து நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் இருந்தாலும் கரண்ட் போவது போகத்தான் செய்கிறது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுதும் இருண்டபோது அந்த நிலையத்தின் இயந்திரங்களும் நின்றன. அடுத்த நாட்களில் சுழற்சி முறையில் மின்வெட்டு வந்தது. சாதாரண ரவுட்டர் உண்மையில் எடுப்பது 6 முதல் 8 வாட்தான். 8,800 மில்லிஅம்பியர் மணி என்று போட்ட மினி யூபிஎஸ் சுமார் 32 வாட்-மணி தாங்கும். இழப்புப் போக மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓடும். வாங்கும் முன் ரவுட்டரின் அடாப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பாருங்கள். ஃபைபர் பெட்டியும் வைஃபை ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் மின் கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு இணையம் வரவில்லையே என்று தவிப்பவர்கள் நிறையப் பேர்.

13. இடி மின்னல். மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பின்னேரங்களில் இடி இடிக்கும். வளிமண்டலவியல் திணைக்களம் மின்னல் எச்சரிக்கை கொடுத்தால், இடி நெருங்கும் முன்பே கரண்ட் பிளக்கையும், செம்புத் தொலைபேசி லைனையும், கூரை அன்டெனா வயரையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. இடி தலைக்கு மேலே வந்துவிட்டால் வயர்களைத் தொடாதீர்கள். ஃபைபரின் உள்ளே கண்ணாடி இழை என்பதால் அது மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு கட்டடத்திலிருந்து மற்றதற்கு ஃபைபர் போடும்படி எட்டாம் குறிப்பில் நான் சொன்னது இதனால்தான். செம்புக் கேபிள் போட்டால் ஒரு கட்டடத்தில் விழும் மின்னல் மற்றதன் கருவிகளையும் எரித்துவிடும்.

14. பாதுகாப்பு. ரவுட்டருக்கு இரண்டு பாஸ்வேர்ட்: வைஃபைக்கு ஒன்று, ரவுட்டரின் பக்கத்தைத் திறக்க ஒன்று. இரண்டாவதைப் பலர் தொடுவதே இல்லை. இரண்டையும் மாற்றுங்கள். போன் நம்பரையோ பிள்ளையின் பெயரையோ வைக்காதீர்கள். வைஃபைப் பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும்; டபிள்யூபிஎஸ் பொத்தானை அணையுங்கள். விருந்தாளிகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் 'கெஸ்ட்' வைஃபையைத் திறந்து விடுங்கள். அதில் வருபவர்களுக்கு இணையம் மட்டும் கிடைக்கும். உங்கள் கமராவும் பிரிண்டரும் கணக்குக் கணினியும் தெரியாது.

15. கமரா வீட்டுக்குள் பதிவுப் பெட்டிக்கு அனுப்பும் படத்துக்கு டேட்டா செலவாகாது, அது லானுக்குள் நடப்பது. வெளிநாட்டிலிருந்து மகன் பார்க்கும்போதும், இணையத்தில் சேமிக்கும்போதும்தான் செலவாகும். நொடிக்கு 1 மெகாபிட் என்ற சின்ன அளவில் நாள் முழுக்க அனுப்பினாலே 10.8 கிகாபைட் போய்விடும். அசைவு தெரிந்தால் மட்டும் அனுப்பும்படி வையுங்கள். போனில் பார்க்கத் தரம் குறைந்த 'சப் ஸ்ட்ரீம்' போதும்.

16. கல்யாண வீடியோவைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க வாட்ஸ்அப் வேண்டாம். ஆண்ட்ராய்ட் போன்களில் குயிக் ஷெயர் இருக்கிறது. இரண்டு போன்களும் தங்களுக்குள் நேரடியாக இணைந்து அனுப்பும், டேட்டா குறையாது, படத்தின் தரமும் கெடாது. புளூடூத் சுமார் 10 மீற்றர் எட்டும் தனியாள் வலையமைப்பு. ஹெட்செட், கைக்கடிகாரம், ஸ்பீக்கருக்கு நல்லது, பெரிய கோப்புகளுக்கு மிக மெதுவானது.

17. கம்பனி '100 எம்பிபிஎஸ்' என்பது மெகாபிட். கோப்பு இறங்கும்போது கணினி காட்டுவது மெகாபைட். 8ஆல் வகுத்தால் 12.5தான் வரும், அது ஏமாற்று அல்ல. வேகம் சோதிப்பதானால் வயரில் செருகிய கணினியில் சோதியுங்கள்.

18. எல்லாம் சரியாக இருந்தும் சவூதி அழைப்பு மட்டும் உடைகிறதா? உங்கள் குரல் கொழும்புக்குப் போய், கல்கிசையிலோ மாத்தறையிலோ கரையேறியிருக்கும் கடலடிக் கேபிள் வழியாகத்தான் வெளிநாடு போகிறது. 2025 செப்டெம்பரில் ஜித்தாவுக்கு அருகே செங்கடலில் கேபிள்கள் சேதமானபோது தெற்காசியாவிலும் வளைகுடாவிலும் இணையம் மெதுவாகியது. அந்த மாதிரி நாட்களில் வீட்டு ரவுட்டரைக் குடைந்து அமைப்புகளைக் கலைக்காதீர்கள். வீடியோவை நிறுத்திக் குரலில் மட்டும் பேசுங்கள். குரலுக்கு மிகக் குறைந்த அளவே போதும்.

19. கடலுக்குப் போகிறவர்களுக்கு. கரையை விட்டு விலக விலக போன் டவரைத் தேடித் தேடித் தன் அலையைக் கூட்டும், பட்டறி வேகமாக இறங்கும். சிக்னல் போனதும் ஃபிளைட் மோடில் போடுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு டவரோ டேட்டாவோ தேவையில்லை. செயற்கைக்கோள் அனுப்புவதைப் போன் கேட்க மட்டுமே செய்கிறது. பெரும்பாலான போன்களில் ஃபிளைட் மோடிலும் அது வேலை செய்யும். ஆகவே கரையிலிருந்தே வரைபடத்தை இறக்கிவைத்து, காற்று, அலை அறிவித்தலையும் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். ஆபத்தில் உதவி கேட்க போனை மட்டும் நம்பாதீர்கள்; விஎச்எஃப் வானொலியில் 16ஆம் சனல் அதற்காக ஒதுக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் படகிலாவது அந்த வானொலி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

20. பழைய ரவுட்டரை யாருக்காவது கொடுக்கும் முன், பின்னாலுள்ள சின்னத் துளையில் ஊசியை விட்டு விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரியும் வரை, சுமார் 10 நொடி, அழுத்திப் பிடியுங்கள். உங்கள் வைஃபைப் பெயர், பாஸ்வேர்ட், இணைப்பின் பயனர் பெயர் எல்லாம் அதற்குள் இருக்கும். இப்படிச் செய்தால் அழிந்துவிடும். 4ஜி ரவுட்டரானால் சிம்மையும் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யாத ரவுட்டரைக் குப்பையோடு எரிக்கவோ களப்பில் எறியவோ வேண்டாம். இலத்திரனியல் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.